இருபத்தெட்டு என்று சொன்னவர்கள்

1. கணக்கெடுப்பு

புங்குடுதீவில் இறுப்பிட்டிப் பக்கத்துக் கூட்டுறவுச் சங்கக்கடைக்கு நான் மனேச்சராகப் போன முதற் கிழமையிலேயே, பொதுக்கூட்டத்தில் ஒருவர் பின் ஒருவராக ஒரே பொய்யைச் சொன்னார்கள். முதலில் சொன்னவன் நான்.

எழுபதுகளின் தொடக்கம். வெளிநாட்டுச் சாமான் அருமையாகிவிட்ட காலம். சைக்கிள் ரியூப் வேண்டுமென்றால் சங்கத்தில் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், ஆளுக்கு ஒன்றுதான். அளவைச் சரியாக எழுதி அனுப்பும்படி மேலிடத்துக் கடிதம் வந்தது.

அளவு பெரிய வித்தையல்ல. ரயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும். உயரமான சைக்கிளுக்கு 28 × 1½, கொஞ்சம் பதிந்ததற்கு 26 × 1⅜. இரண்டுக்கும் குறுக்குப் பார் இருந்தால் தூரத்தில் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஊரில் ஓர் எண்ணம் இருந்தது. இருபத்தெட்டுத்தான் ஆம்பிளைச் சைக்கிள். இருபத்தாறு பெண்களுக்கும், கால் எட்டாதவர்களுக்கும்.

என்னுடையது இருபத்தாறு. நெடுந்தீவிலிருந்து வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு வந்தது. கூட்டத்தில் "மாதிரிக்கு என்னிலயிருந்து துவங்குவம்" என்று பேனாவைத் திறந்தேன். முன்வரிசையில் ஊர்ப் பெரியவர்கள் இருந்தார்கள். நான் புதியவன், மீசைகூட ஒழுங்காக அரும்பவில்லை. வாய் தானாகவே "மனேச்சர், இருபத்தெட்டு" என்றது.

அடுத்தவர் சங்கத் தலைவர் அம்பலவாணர். என் தோளுக்கும் எட்டாத மனிதர். "எனக்கும் அதுதான்" என்றார். அதன் பிறகு யார் மாற்றிச் சொல்வார்கள்? முப்பத்தெட்டுப் பேரும் இருபத்தெட்டு. அவர்களுடைய சைக்கிள்கள் இருபது அடி தள்ளி வேலியோடு சாத்தி நின்றன. போய்ப் பார்க்கும் புத்தி எனக்கு வரவில்லை. வந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன், அங்கே என்னுடையதும் நின்றது.

உண்மை சொன்னவர் ஒருவர்தான், அவர் கூட்டத்துக்கே வரவில்லை. மருத்துவமாது செல்வராணி அக்கா. ஊரார் மிசி என்பார்கள். பிள்ளைப்பேறு பார்க்கப் போனவர் ஒரு துண்டு எழுதி அனுப்பியிருந்தார்: "26 × 1⅜, ஒன்று. தயவுசெய்து 28 வேண்டாம், உள்ளே மடியும்."

2. பொதி

மூன்று மாதம் கழித்துப் பொதி வந்தது. முப்பத்தெட்டுப் பெரியது, ஒன்று சின்னது. மேலிடம் கேட்டதைக் கேட்டபடி அனுப்பியதை என் உத்தியோக காலத்தில் நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

மிசி எழுதியது எவ்வளவு சரி என்று எனக்கு நாலே நாளில் விளங்கியது. பெரிய ரியூப் என் ரயருக்குள் ஓர் இடத்தில் மடிந்து கிடந்தது. காற்றடித்து ஓடினால் சில்லு சுற்றுக்கு ஒருதரம் தூக்கிப் போடும். நாலாம் நாள் மடிப்பு உராய்ந்து கிழிந்தது. உருட்டிக்கொண்டு கடைக்கு வந்தேன். கேட்டவர்களிடம் ஆணி என்றேன்.

அந்தக் கிழமை முழுவதும் மத்தியானத்தில், கடையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து, ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவருக்கு மச்சாளின் சைக்கிளுக்குச் சின்ன ரியூப் ஒன்று வேண்டுமாம். இன்னொருவருக்குத் தங்கையின் சைக்கிளுக்கு. மற்றவர் மனைவிக்கு என்றார், அந்த அம்மா சைக்கிள் ஏறியதை நான் மட்டுமல்ல, அவரே கண்டிருக்க மாட்டார். பதினொரு பேர். இத்தனை பெண்கள் எங்கள் தீவில் சைக்கிள் ஓடுவது எனக்கு அன்றுவரை தெரியாது.

3. தலைவர்

மிசியின் ரியூப் பெட்டியோடு மேல்தட்டில் இருந்தது. அவர் ஒரு கிழமைப் பயிற்சிக்கு யாழ்ப்பாணம் போயிருந்தார். போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனார், பழையதில் பதினாலு ஒட்டு, இனி ஒட்ட இடமில்லை, வந்ததும் எடுத்து வைக்கவேண்டும் என்று. அதற்கு முதல் மாதம் வழியில் காற்றுப் போய், குறிகட்டுவான் பக்கம் ஒரு பிள்ளைப்பேற்றுக்கு நடந்தே போயிருக்கிறார். போய்ச் சேர முன்னமே பிள்ளை பிறந்து, தாய்க்கு இரத்தம் போய், உயிர் அரும்பொட்டில் தப்பியது.

இதெல்லாம் தெரிந்த தலைவர்தான் பன்னிரண்டாவது ஆளாக வந்தார்.

"தம்பி, சின்ன ரியூப் ஒண்டு சும்மா கிடக்காம்."

"சும்மா இல்லை ஐயா. மிசி அக்காவின்ரை."

"அவ அரசாங்க உத்தியோகம். அரசாங்கம் குடுக்கும்." குரலைத் தணித்தார். "உம்மை நிரந்தரமாக்கிற கடிதம் என்ரை மேசையிலதான் கிடக்கு. வாற கிழமை ஒப்பம் வைப்பம் எண்டிருக்கிறன்."

நீதிக்காகக் கொதித்தேன் என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால், அந்தப் பெட்டியை மூன்று நாளாக நானே திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். எனக்கே துணிவு வராத ஒன்றை இந்த மனிதர் இவ்வளவு லேசாகக் கேட்கிறாரே என்றுதான் எரிச்சல் வந்தது.

சங்கத்தில் ஒரு விதி இருந்தது. சாமான் எடுத்தவரின் பெயரையும் எடுத்த அளவையும் வாசற்பலகையில் ஒட்ட வேண்டும். "பிரச்சினையில்லை ஐயா" என்றேன். "பலகையில உங்கட பேருக்கு நேர இருபத்தாறெண்டு மாத்திப் போடட்டோ?"

அவர் பலகையைப் பார்த்தார். பிறகு ஒழுங்கையால் போகிற சனத்தைப் பார்த்தார். "மிசியின்ரையை மிசிக்கே குடும்" என்றுவிட்டுச் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

4. கத்தரிக்கோல்

மிசி வந்து ரியூபை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து அளவை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒப்பம் வைத்தார். திரும்பும்போது சுவரோடு காற்றில்லாமல் நின்ற என் சைக்கிளைக் கண்டார். குனிந்து ரயரைப் பார்த்தார். பிறகு பலகையில் என் பெயரைப் பார்த்தார். சிரிப்பை அடக்கினார் என்று தெரிந்தது.

"கழட்டும்" என்றார். "வெட்டுறது எனக்குப் பழக்கம். ஒட்டுற சொலூசன் இருக்கோ?"

பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, மடிந்து கிழிந்த இடத்தையே நாலங்குலம் வெட்டி எறிந்தார். இரண்டு முனையையும் உரஞ்சி, சொலூசன் பூசி, காயவிட்டு, ஒன்றுக்குள் ஒன்றை ஒன்றரை அங்குலம் நுழைத்து அமத்தினார். இருபத்தெட்டு இருபத்தாறானது.

இவ்வளவு கைவேலை தெரிந்தவர் தனக்கும் இப்படி ஒன்று செய்து ஓடியிருக்கலாமே என்று கேட்டேன். கேட்டிருக்கத் தேவையில்லை.

"ஒட்டு எப்ப விடுமெண்டு ஆருக்குத் தெரியும், தம்பி? வழியில உமக்கு விட்டால் கடை பிந்தித் திறக்கும். எனக்கு விட்டால் ஒருத்தி செத்துப்போவாள்."

மூன்று நாள் அந்தப் பெட்டியைத் திறந்து மூடிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். வெட்கம் என்றால் அதுதான் வெட்கம்.

பிறகு நானே கத்தரிக்கோல் பிடித்தேன். பதினொரு மச்சாள், தங்கை, மனைவிமாரின் ரியூப்களையும் வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். கடைசியாகத் தலைவர் பேப்பரில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். மருமகளுடையதாம். நான் கத்தரிக்கோலை எடுத்தேன். அடுத்த நாள் கடிதம் ஒப்பத்தோடு வந்தது.

5. அடுத்த கூட்டம்

அடுத்த வருசமும் கணக்கெடுப்பு வந்தது. இந்தமுறை எழுந்து நின்று, முதற்பெயரை உரத்து வாசித்தேன். "மனேச்சர், இருபத்தாறு."

தலைவர் என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "எனக்கும் அதையே போடும்" என்றார். ஊருக்கு உண்மை பேச வழிகாட்டிவிட்டேன் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்தவரும் இருபத்தாறு. அதற்கு அடுத்தவரும். மனேச்சரும் தலைவரும் எடுக்கிறார்கள் என்றால் அதில் ஏதோ விசயம் இருக்கும் என்று பின்வரிசையில் குசுகுசுப்பது கேட்டது. கடைசியாக எழுந்தவர் ஆறடி உயரத் தலைமையாசிரியர். ஊரிலேயே உயரமான சைக்கிள் அவருடையது. அவரும் இருபத்தாறு என்றார்.

நான் பேனாவோடும் கொப்பியோடும் வெளியே இறங்கி வேலியடிக்குப் போனேன். ஒவ்வொரு ரயராகக் குனிந்து வாசித்தேன்.