பாபிகர் போட்ட தலாக் சத்தியம்

கார்த்தூமில், எங்கள் தெரு ஹாஜியார் பாபிகர் வாயைத் திறந்தால் தலாக்தான். "டீ குடிக்காமப் போனா என் பொண்டாட்டிக்குத் தலாக்" என்பார். விருந்தாளி பயந்துபோய்க் குடித்துவிடுவான். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். நாக்குக்கு மட்டும் பிரேக் கிடையாது. இப்படிப் போட்டதில் இரண்டு சத்தியம் பொய்த்து, இரண்டு தலாக் விழுந்துவிட்டது. மூன்றாவதும் விழுந்தால் அவர் மனைவி பதூல் அத்தை அவருக்கு அந்நியப் பெண்.

ராணுவத்தோடு சண்டைக்குக் கிளம்பிய துணைப்படைக்காரர்கள் நகரத்தைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் அவர் வீட்டுக் கட்டில், கதவு, சுவருக்குள் இருந்த ஒயர்கூடக் கொள்ளை போய்விட்டது. நாக்கை மட்டும் விட்டுவைத்தார்கள். ரமலானில், ராணுவம் ஜனாதிபதி மாளிகையைத் திரும்பப் பிடித்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் அது புறப்பட்டது.

"நம்ம தெருவுக்கு வர்ற முதல் சிப்பாய் என் முற்றத்துல நோன்பு திறக்காமப் போனா, பதூலுக்குத் தலாக்."

அத்தை பருப்புச் சட்டியிலிருந்து தலையைத் தூக்கினாள். "தோத்தா நாடு போகும், ஜெயிச்சா நான் போறேன். நல்ல புருஷன்."

மறுநாள் மாலைத் தொழுகைப் பாங்குக்குச் சற்று முன் முதல் ராணுவ வண்டி வந்தது. நோன்பு திறக்கும் நேரத்தில் வழிப்போக்கரை மறித்துச் சோறு போடுவது எங்கள் வழக்கம். ஹாஜியார் தலைப்பாகையை அவிழ்த்து, ஒரு முனையை என் கையில் திணித்து, தெருவை மறித்தார்.

"வழிய விடுங்க ஹாஜியார். பாலத்துக்குப் போகணும்" என்றான் வண்டிமேல் நின்ற சிப்பாய்.

"இறங்கி ஒரு வாய் சாப்பிட்டுப் போ, மகனே."

"ஆர்டர் இல்லாம இந்த வண்டிய விட்டு இறங்கினா என் பொண்டாட்டிக்குத் தலாக்."

அவனும் எங்கள் நாட்டுக்காரன்தானே. குண்டு விழுந்தபோதெல்லாம் தூங்கிய ஹாஜியார் இப்போது வீட்டுப் பக்கம் திரும்பி "பதூல்!" என்று கத்தினார். டிரைவர் ஹாரனை அழுத்தினான்.

அத்தை வெளியே வந்தாள். "நீ இறங்காத தம்பி. வண்டியோடயே உள்ள வா. குண்டுல பாதிச் சுவர் போயாச்சு, வழி இருக்கு."

வண்டி ரிவர்ஸில் நுழைந்தது. மீதிச் சுவரும் விழுந்தது. பாங்கு கேட்டது. முற்றத்து நடுவில், வண்டிமேல் நின்றபடியே, அத்தை நீட்டிய பேரீச்சம்பழத்தைச் சிப்பாய் வாயில் போட்டான். இரண்டு கல்யாணமும் பிழைத்தது.

"தலைநகரத்த மீட்டுட்டோம் அம்மா."

"சுவரு?"

அவன் இன்னொரு பழத்துக்குக் கை நீட்டினான். ஹாஜியார் நெஞ்சை நிமிர்த்தினார். "பெருநாளுக்குள்ள அந்தச் சுவர நான் கட்டலைன்னா, பதூலுக்கு..."

அத்தை அடுத்த பழத்தை அவர் வாயில் திணித்து, உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.