மாடிக்குப் போன மைக்

அந்த ஊரில் யார் வாய் திறந்தாலும் அது மைக்செட் அக்காவின் கையைத் தாண்டித்தான் பொதுமக்கள் காதுக்குப் போகும். கல்யாணம், கட்சிக் கூட்டம், பள்ளிக்கூட ஆண்டு விழா, எதுவானாலும் வாடகை ஒலிபெருக்கி அவளுடையதுதான். கடையைத் தொடங்கியவர் என்னவோ அவள் புருஷன். ஒல்லியாக, நெடுநெடுவென்று, எப்போதும் தோளில் கம்பிச் சுருளோடு அலைந்ததால் அவருக்கு ஒயர் அண்ணன் என்று பேர். பெரிய குழாய்களுக்குப் பக்கத்திலேயே நின்று நின்று அண்ணனின் காது பாதி போய்விட்டது. சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் காது வேண்டுமே? அதனால் அக்கா ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்தாள். ஏணி ஏறுவதும் ஒயர் இழுப்பதும் அண்ணன் பொறுப்பாயிற்று.

பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தே அக்கா ஆம்பளைகளை அளந்து வைத்திருந்தாள். மைக்கைத் தட்டிப் பார்க்கிறவன் வீட்டில் சோற்றையும் முகர்ந்து பார்த்துத்தான் தின்பான். "ரெண்டே வார்த்தை" என்று தொடங்குகிறவனை நாற்காலி அடுக்கும்போதுதான் இறக்க முடியும். அடி, உதை, விடாதே என்று பேசுகிறவன் மைக்கைக் குச்சி ஐஸ் மாதிரி வாய்க்குள்ளேயே விட்டுக்கொள்வான். அவன் எழுந்ததுமே அக்காவின் கை தானாகப் போய்ச் சத்தத்தைக் குறைக்கும். ஆனால் என்ன உளறினாலும் நடுவில் மைக்கை அணைக்க மாட்டாள்.

"குறைப்பேன், கூட்டுவேன். வாயைப் பொத்துறது என் வேலை இல்ல" என்பாள்.

அவளுக்கு ஒரே மகள். சின்ன வயதில் கம்பிகளுக்கு நடுவில் தவழ்ந்தவள், பெரியவளாகி ராணுவத்தில் தகவல் தொடர்புப் பிரிவில் சேர்ந்துவிட்டாள். கிளம்பும்போது அக்கா அழுததற்கு, "நீ பண்றதைத்தாம்மா நானும் பண்ணப் போறேன். என்ன, உடுப்பு வேற" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வருஷம் மலைப்பக்கம் தீவிரவாதிகள் தலையெடுத்தார்கள். பாலத்தைத் தகர்த்தார்கள், லாரிகளை மறித்தார்கள், பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். அடிவாரத்தில் ஒரு முகாம் போட்டு அக்காவின் மகள் இருந்த பிரிவை அனுப்பினார்கள். அது போதாது, பெரிய படையே மலைமேல் ஏற வேண்டும் என்று ஊரில் பேச்சுக் கிளம்பியது. பேச்சு என்றால் கூட்டம். கூட்டம் என்றால் மைக்செட். சிமென்ட் கடைக்காரர் வியாபாரிகளைக் கூட்டி, "மலையைச் சல்லடையாத் துளைக்கணும்!" என்று முழங்கினார். மறுவாரம் கல்லூரிப் பேராசிரியர் அமைதிக் கூட்டம் போட்டு, வன்முறையின் வேர்களைப் பற்றிப் பேசிப் பேசி வேருக்கே போய்விட்டார். இரண்டுக்கும் மைக் அக்காவுடையது. இரண்டுக்கும் வந்து கைதட்டிய ஆம்பளைகளும் அதே ஆம்பளைகள்தான்.

சிமென்ட் கடைக்காரரை வாய்ச்சொல் வீரர் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. மறிக்கப்பட்ட ஒரு லாரியை ஓட்டியவன் அவருடைய மச்சான். இரண்டு காலையும் ஒடித்து ரோட்டில் போட்டுவிட்டார்கள்.

"பொம்பளைங்க என்ன நினைக்கிறாங்கன்னு யாராச்சும் கேட்டீங்களா?" என்று ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருநாள் பேராசிரியரைக் கேட்டு வைத்தாள். அவருக்கு அது சுருக்கென்று தைத்தது. உடனே சிமென்ட் கடைக்காரரோடு சேர்ந்து ஒரு பொதுக்கூட்டம் ஏற்பாடாயிற்று. ஊர் மண்டபத்து வாசலில் துணி கட்டினார்கள்: 'போரும் தீவிரவாதமும்: பெண்கள் பார்வை'.

மேடையில் அவர்கள் இருவரும், ஒரு வக்கீலும், ஓய்வு பெற்ற ஒரு அதிகாரியும் வரிசையாக உட்கார்ந்தார்கள். கீழே ஆம்பளைகள் நிரம்பிவிட்டதால், "தாய்மார்களுக்கு மரியாதையாக மாடியில் இடம் ஒதுக்கியிருக்கிறோம்" என்று வக்கீல் அறிவித்தார். தாய்மார்கள் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறினார்கள். அவர்கள் பார்வைக்கு நன்றாகத் தெரிந்தது மேடையில் இருந்த நான்கு வழுக்கைகள்.

பேராசிரியர் பேசும்போது மேடை மைக் கரகரத்தது. அக்கா பெட்டியிலிருந்து ஒயரில்லாத மைக்கை எடுத்து அண்ணனிடம் நீட்டினாள்.

"இதைக் கொண்டுபோய் மேடைக்குக் குடுங்க."

"மாடிக்கா?"

"ஆமா, மேடைக்கு! சீக்கிரம்!"

அண்ணன் இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்குப் போனார். முன்வரிசையில் இருந்த சிமென்ட் கடைக்காரர் மனைவியின் மடியில், அணைக்காமலே இருந்த அந்த மைக்கை வைத்துவிட்டுக் கடமை முடிந்த திருப்தியோடு இறங்கினார். ஏதோ பத்திரமாக வைத்திருக்கக் கொடுத்திருக்கிறார்கள் என்று அந்த அம்மாள் அதை அப்படியே மடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்குள் கரகரப்பு தானாகவே அடங்கி, சிமென்ட் கடைக்காரர் எழுந்து முழங்க ஆரம்பித்திருந்தார்.

"நம் பெண்கள் வீரத்தாய்கள்! அவர்கள் மனதில் இருப்பது எனக்குத் தெரியும்! வயசு மட்டும் குறைவாக இருந்திருந்தால், இன்றைக்கே துப்பாக்கியோடு மலையேறியிருப்பேன்!"

மண்டபத்தின் எல்லாக் குழாய்களிலிருந்தும் ஒரு பெண்குரல் இறங்கியது.

"மலையா? மாடிப்படி ஏறினாலே முட்டியைப் புடிச்சுக்கிட்டு நிப்பாரு. கரப்பான்பூச்சி பறந்தா கட்டில் மேல ஏறிடுவாரு. நான்தான் விளக்குமாத்தைத் தூக்கணும்."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. மேடையில் நான்கு பேரும் கூரையைப் பார்த்தார்கள். குழாய்கள் எல்லாம் கீழே பார்த்தபடி இருந்ததால், தங்கள் பேச்சைக் கேட்டுத்தான் சிரிக்கிறார்கள் என்று மாடிக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த நர்ஸின் குரல் கேட்டது.

"அதை விடுக்கா. பட்டாளம் போகணுமா வேணாமா, நீ என்ன சொல்றே?"

"போகணும்டி. என் தம்பி காலை ஒடிச்சவனுங்களைச் சும்மா விடச் சொல்றியா? ஆனா இவரு கத்துறதைக் கேட்டா மட்டும் போக வேணாம்னு தோணுது."

"அக்கா! அந்த மைக்கை அணைங்க!" என்று சிமென்ட் கடைக்காரர் மேடையிலிருந்து அலறினார்.

அக்காவின் விரல் திருகுக்குப் போனது. போன விரல் அங்கேயே நின்றது. யார் மைக்கையும் அணைக்காத கொள்கை ஒரு பக்கம் இருக்கட்டும். மிச்சத்தைக் கேட்க அவளுக்கே ஆசையாக இருந்தது. ஒரு புள்ளி கூட்டி வைத்தாள்.

"ஐயய்யோ, இது வேலை செய்யுது!" என்று மாடியில் ஒரு கூச்சல். அத்தோடு அடங்கிவிடும் என்று மேடை நம்பியது. ஆனால் நர்ஸ் மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"குடுத்துட்டாங்க, பேசிடுவோம். எங்க வார்டுல ரெண்டு பக்கத்து ஆளுங்களும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல கிடக்கிறாங்க. பாலத்துக்கு வெடி வெச்சவனும் சரி, அவனைப் புடிச்சவனும் சரி, ஊசின்னா கையை உள்ள இழுத்துக்கிறான். வீரம் எங்க போகுதுன்னே தெரியல."

அடுத்து, மலையிலிருந்து இறங்கி வந்து துணி தேய்த்துப் பிழைக்கிற ஒருத்தி வாங்கினாள். "அவனுங்க வந்து சோறு கேட்டாங்க, போட்டோம். பட்டாளம் வந்து ஏன் போட்டேன்னு மிரட்டுச்சு. மிரட்டி முடிச்சதும் அவங்களுக்கும் பசிச்சுது, போட்டோம். அரிசிப் பானை காலியானதும் நாங்க இறங்கி வந்துட்டோம். யாரு ஜெயிச்சாங்கன்னு எனக்குத் தெரியாது."

"அதுக்காக அவனுங்க கையில விட்டுட முடியுமா? பள்ளிக்கூடத்தை யாரு திறப்பா?" என்று ஒரு இளம்பெண் எழுந்தாள். அவள் மலைப் பள்ளிக்கூடத்து டீச்சர். பூட்டுப் போட்டபோது ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்பி வந்தவள். "பூட்டை உடைக்க ஆள் வரணும். துப்பாக்கியோட வந்தாலும் சரிதான்."

மாடி இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. பேராசிரியர் எழுந்து, "சகோதரிகளே, ஒவ்வொருவராக..." என்றார்.

"நீங்க உக்காருங்க சார். இது பெண்கள் பார்வை" என்றாள் நர்ஸ். சார் உட்கார்ந்தார்.

அப்போதுதான் டீச்சர் கீழே எட்டிப் பார்த்தாள். "மைக்செட் அக்கா பொண்ணு மலையடி முகாம்லதானே இருக்கு? அக்காவைப் பேசச் சொல்லுங்க!"

இத்தனை வருஷத்தில் அக்கா மைக்கில் சொன்னதெல்லாம் 'ஹலோ, ஹலோ' மட்டும்தான். மாட்டேன் மாட்டேன் என்றவளை மேடை மைக்குக்குத் தள்ளிவிட்டார்கள். பதற்றத்தில் தன்னுடைய ஒலிபெருக்கிக்கு நேர் எதிரிலேயே போய் நின்றுவிட்டாள். அது கீச்சென்று கத்தியதில் வக்கீல் காதைப் பொத்திக்கொண்டார். தள்ளி நின்று ஆரம்பித்தாள்.

"அனுப்பணுமா வேணாமா, எனக்குச் சொல்லத் தெரியல. என் பொண்ணு யார் பேச்சையும் கேட்டுப் போகல, அவளாத்தான் போனா. ஆனா அனுப்புன்னு சொல்ல வாராவாரம் கூட்டம் போடுறீங்க. போதும், திரும்பி வான்னு சொல்றதுக்கு எப்போ கூட்டம் போடுவீங்க? இப்பவே சொன்னீங்கன்னா அந்தத் தேதியை வேற யாருக்கும் குடுக்காம வெச்சிருப்பேன்."

சிரிக்கலாமா கூடாதா என்று யாருக்கும் புரியவில்லை. சிமென்ட் கடைக்காரர் எழுந்தார். "எனக்கும் தெரியலம்மா" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவர் மைக்கிலிருந்து தள்ளி நின்று சொன்னார்.

பூட்டை உடைக்கப் படை வரட்டும், எப்போது திரும்பும் என்பதையும் அரசு சொல்லட்டும் என்று, மாடியில் பாதிப் பேர் எதிர்க்க, ஒரு தீர்மானம் போட்டார்கள். அரசாங்கத்திடமிருந்து பதில் ஒன்றும் வரவில்லை. சிமென்ட் கடைக்காரர் மட்டும் ஒருநாள் கடைக்கு வந்து குறைப்பட்டுக்கொண்டார்.

"அன்னிக்கு நீங்க அணைச்சிருக்கலாமேம்மா."

"மைக்குன்னா நான் அணைக்கலாம். வீட்டம்மாவை நீங்கதான் அணைக்கணும்" என்றாள் அக்கா.

முகம் சிவந்து போனவர் அந்தத் தெருப்பக்கம் கொஞ்ச நாள் தலைகாட்டவில்லை.

மழை விட்டதும் மகள் லீவில் வந்தாள். கூட்டக் கதையைக் கேட்டுப் புரையேறச் சிரித்தவள், பிறகு மெல்லச் சொன்னாள்: "எங்களைக் கூப்பிடறதுக்கு அவசரப்படாதேம்மா. தகர்த்த பாலத்தைத் திரும்பக் கட்டி முடிக்கிற வரைக்கும் நாங்க இருக்கணும்."

"பாலம் கட்டப் போனியா, துப்பாக்கி தூக்கப் போனியா?"

"பாலம் கட்டறவனை அவனுங்க சுடாம இருக்க ஒருத்தன் பக்கத்துல நிக்க வேணாமா?"

அக்கா எழுந்துபோய், சுற்றி வைத்திருந்த கம்பியைப் பிரித்து மறுபடி சுற்ற ஆரம்பித்தாள். சாயங்காலம் மகளே வந்து தாயின் தோளில் சாய்ந்தாள். "உன்னை மாதிரியே அங்க ஒரு பால்காரி இருக்காம்மா. தினமும் காலையில முகாமுக்கு வந்து, எப்போ தொலைவீங்கன்னு எங்களைத் திட்டித் தீர்த்துட்டுத்தான் பாலை ஊத்துவா."

அக்கா உடனே எழுந்து உள்ளே போய், தான் பழுது பார்த்து வைத்திருந்த சின்ன ரேடியோ ஒன்றைத் துடைத்து மகளின் பையில் திணித்தாள். "அவளுக்குக் குடு. தனியா இருப்பா."

மகள் போய்ச் சேர்ந்து சில நாள் கழித்துப் போனில் பேசினாள். பாலம் பாதி எழும்பிவிட்டதாம். ரேடியோ நன்றாகப் பாடுகிறதாம். காலையில் முகாம் வாசலுக்கு வந்ததும் பால்காரி அதைப் பத்திரமாக நிறுத்தி வைத்துவிட்டு, அதன் பிறகுதான் திட்டத் தொடங்குகிறாளாம்.