அம்சவேணி பால் காய்ச்சாத வீடு

அம்சவேணியைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் என் பக்கத்துத் தையல் மெஷின் அவளுடையது. ஆலங்காயத்துக்காரி. புருஷன் போனபின் மகள் ஹரிணியோடு தனியாகக் காலம் தள்ளுகிறவள். கேன்டீன் சாம்பார் தண்ணியாக இருந்தால் நாங்கள் முணுமுணுத்துக்கொண்டே சாப்பிடுவோம். அவள் தட்டோடு எழுந்து போய்க் கேட்பாள், மறுநாள் கெட்டியாக வரும். எல்லோரும் அவளை மெச்சுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அருணகிரி கட்டிய புது வீட்டு மாடியில் எதிரெதிராக இரண்டு போர்ஷன். ஒன்றுக்கு நாங்களும் மற்றதற்கு அவளும் அட்வான்ஸ் கொடுத்தோம். ஆனிக் கடைசி முகூர்த்தத்தில் குடியேறுவது, அன்றிலிருந்து வாடகை என்று பேச்சு. அந்த நாளும் வந்தது. குழாயில் தண்ணீர் இல்லை, பாத்ரூமுக்குக் கதவும் இல்லை. ஆடி பிறந்துவிட்டால் வீடு மாற முடியாதே என்று, கேஸ் அடுப்பைத் தூக்கிப்போய்ப் பால் காய்ச்சிவிட்டுப் பழைய வீட்டுக்கே திரும்பினோம். என் வீட்டுக்காரர் கங்காதரன் அருணகிரிக்கும் ஒரு டம்ளர் பால் கொடுத்தார்.

"தண்ணி வரட்டும், அப்புறம் காய்ச்சிக்கலாம்" என்று அம்சவேணி வேலைக்குப் போய்விட்டாள்.

ஆடி பாதியில்தான் வீடு தயாரானது. நாங்கள் பால் காய்ச்சியிருந்ததால் தைரியமாகச் சாமான் ஏற்றினோம். அவளோ எதுவும் காய்ச்சாமல் ஆடியிலேயே குடிவந்தாள். ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன். ஹரிணிக்கு ஒரு ஜலதோஷம்கூட வரவில்லை.

அருணகிரி வாடகைக்கு வந்தார். அவள் வாசலில் நடந்த பேச்சு எனக்குக் கேட்டது.

"ஆனியிலருந்துதானே வாடகை பேசினோம்?"

"பேசின நாள்ல நீங்க வீடு குடுக்கலியேண்ணா. பழைய வீட்டுக்கும் வாடகை கட்டிட்டு ஒக்காந்திருந்தேன். தண்ணி வந்த நாள்லருந்து கணக்கு போடுங்க."

அவர் தலையைச் சொறிந்துவிட்டுச் சரியென்றார். நான் கதவைத் திறந்தேன். "நாங்களும் அப்பத்தானே வந்தோம்?"

"நீங்க பால் காய்ச்சி எனக்கே குடுத்தீங்களே, சங்கீதா. குடி வந்த கணக்குதானே அது?"

கையில் இருந்தது மகன் பரத்தின் ஸ்கூல் ஃபீஸ். நாளைக்குத் தருகிறோம் என்று அவரை அனுப்பினேன்.

சாயங்காலம் அம்சவேணி வந்தாள். "பால் காய்ச்சினா இன்னாக்கா? தண்ணியில்லாத வீட்ல யாரு குடியிருப்பாங்க? நானும் வர்றேன், கேப்போம். கம்மி பண்ணிடுவாரு."

பண்ணிவிடுவார் என்று எனக்கும் தெரியும். அதில்தான் வயிறெரிந்தது.

"உன் தயவுல குடியிருக்கிற கதி எங்களுக்கு வரல" என்றேன். அவள் முகம் சுருங்கிப்போய்த் திரும்பினாள்.

மறுநாள் முழு வாடகையையும் கொடுத்தேன். "கேட்டிருக்கலாமேடி" என்றார் கங்காதரன். ஃபீஸுக்குக் கம்மலை அடகு வைத்துவிட்டு, வெறுங்காதை அவள் பார்த்துவிடக் கூடாதென்று முந்தானையால் தலையை மூடிக்கொண்டு படியேறினேன்.

எனக்குத் தலைவலியென்று நினைத்து, அம்சவேணி தைலத்தோடு வந்து கதவைத் தட்டினாள்.