மரியபுஷ்பம் அக்காவின் பன்னிரண்டு மணி

மரியபுஷ்பம் அக்காவின் மகன் போன் செய்தபோது நான் கானாடுகாத்தானில், இடிக்கப்போகும் ஒரு வீட்டின் நிலைக்கதவுக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். "அண்ணே, அம்மா போயிட்டாக" என்றான். பேச்சை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். அதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

நம் பங்குக் கோயிலில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. என் பழம்பொருள் கடையில் பதினாறு வருடம் பழைய கதவுகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மெருகேற்றியவர். நண்பகலில் கோயில் மணி கேட்டால் கையை உதறி, முந்தானையால் தலையை மூடி எழுந்து நிற்பார். மூவேளை செபம் முடியும்வரை யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். "பார்ட்டி காத்திருக்காருக்கா" என்று ஒருமுறை, அவர் எழுந்திருக்கும்போதே அவசரப்படுத்தினேன். "ஒரு நாற்காலி போடுங்க தம்பி, அவரு உக்காரட்டும். நான் ஆண்டவர்கிட்ட நின்னு பேசிட்டு வந்துர்றேன்" என்றார்.

என் வாய் சும்மா இருக்காது. "மாதா சத்தியமா பர்மா தேக்கு சார்" என்று ஒருவரிடம் அடித்துவிட்டேன். அக்கா தலை நிமிராமல், "தேக்குக்குச் சாட்சி சொல்லவா மாதா இருக்காக? மோந்து பாக்கச் சொல்லுங்க" என்றார். வந்தவர் சிரித்துவிட்டார். கதவும் விலைபோனது.

அங்கேதான் என் வியாபாரப் புத்தி வேலை செய்தது. பின்கட்டில் இருந்த அக்காவைக் கடைவாசலுக்கு மாற்றினேன். "இங்குட்டு வெளிச்சம் நல்லா இருக்குக்கா" என்றேன். என் கண் மேல் இவ்வளவு அக்கறையா என்று நன்றி சொன்னார். வெளியூர்க்காரர்களைப் பதினொன்றே முக்காலுக்கு வரச்சொன்னேன். அக்கா எழுந்து நிற்கும்போது மெல்லச் சொல்வேன்: "இப்படிப்பட்டவங்க வேலை பாக்குற இடத்துல போலி இருக்குமா சார்?" பலர் பேரம் பேசவே இல்லை.

ஒருநாள் ஒருவர் செல்போனைத் தூக்கிப் படமெடுத்தபடி, "நீங்க சொன்ன மாதிரியே கரெக்டா எந்திரிச்சுட்டாங்களே!" என்றார். அக்காவின் காதில் விழுந்தது. செபத்தை முடித்துவிட்டு வந்தார்.

"வெளிச்சம்னு சொன்னீக."

படமெடுத்தவரைக் கடைக்குள்ளே போகச் சொன்னேன்.

"கதவ வில்லுங்க, தூண வில்லுங்க. நான் ஆண்டவர்கிட்டப் பேசுறத விக்காதீக தம்பி."

மறுநாள் பின்கட்டுக்கே போய்விட்டார். அதன்பின் மணி அடித்தாலும் அவர் எழுந்திருக்கவில்லை, தேய்த்துக்கொண்டே இருந்தார். உதடாவது அசைகிறதா என்று நான் பலநாள் எட்டிப் பார்த்திருக்கிறேன். தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் வராமல் ஒரு மின்விசிறி வாங்கிப் போட்டேன். நான் அப்படிப்பட்ட ஆள்.

போன மாதம் படுக்கையில் இருந்தவரிடம் கேட்டேவிட்டேன். "அக்கா, நீங்க செபத்த விட்டது என்னாலதானே? இல்ல, விடவே இல்லையா?"

மூச்சு வாங்கியபடி சிரித்தார். "அதையும் சொன்னா யாருகிட்டப் போயிச் சொல்லுவீக?"

பதில் தராமலே போய்விட்டார். ஒரு மனுஷி கடவுள் முன் எழுந்து நிற்பதை நான் நிறுத்திவிட்டேனா என்பது இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

அடக்கத்தன்று, "அவுகளாலதான் ஒங்க கடைக்கே நல்ல பேரு" என்று நம்மில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அக்காவைப் பற்றி நம் கோயிலின் பங்கு மடலுக்கு எழுதித் தரச் சொன்னதும் உடனே ஒத்துக்கொண்டேன். முதலில் எழுதிய தாளில் கடையின் பெயர் இரண்டு இடத்தில் வந்திருந்தது. வாசித்துப் பார்த்தபோது கூசியது. இரண்டையும் அடித்துவிட்டேன். அக்காவிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது அந்தக் கூச்சம்தான்.