ஒன்பதாம் நம்பர் சட்டை கருகிய நாள்

கருகல் வாடை

ரப்பர் கருகும் வாடை எனக்குத்தான் முதலில் வந்தது. முருகேசண்ணனுக்கு வரவில்லை. அவர் ஒரு கையை இஸ்திரிப்பெட்டி மேல் வைத்துக்கொண்டு, மறுகையை ஆகாயத்தில் ஆட்டி, கால்பந்தில் அனுபவத்தின் அருமை என்ன என்று எங்களுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பெட்டி! பெட்டி!" என்று கத்தினேன்.

"நீ பேச்ச மாத்தாத செல்வி. பதில் சொல்ல முடியலன்னா ஒத்துக்கோ."

"ஐயோ, கையப் பாருங்க!"

பார்த்தார். பெட்டியைத் தூக்கினார். சட்டை முதுகில் ஒட்டியிருந்த ஒன்பதாம் நம்பரில் பாதி பெட்டியோடு வந்தது. மீதி இருந்த இடத்தில் பெட்டியின் மூக்கு அளவுக்கு ஓட்டை. ஓட்டை வழியே மேசைக் கம்பளி தெரிந்தது. அது 'பஜார் பிரதர்ஸ்' அணியின் கேப்டன் ஆன்றோவின் ஜெர்சி. மேட்ச் அன்றைக்குச் சாயங்காலம்.

மட்டாஞ்சேரியில் எங்கள் சலவைக் கூடத்தில் புதிதாக மேசை பிடித்திருக்கிற பிள்ளைகள், "செல்வியக்கா, அந்தக் கதையச் சொல்லுங்க" என்று என்னை விடுவதில்லை. தோள்வலி வந்து நான் இஸ்திரியை விட்ட பிறகும், சாயா குடிக்க அங்கே போனால் இதே கேள்விதான். ஆளாளுக்கு ஒரு விதமாகக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

எங்கள் இரண்டு கட்சி

பஜார் பிரதர்ஸ் பெரிய கிளப் ஒன்றும் இல்லை. கிட்டங்கி என்கிற சரக்குக் கிடங்குகளில் வேலை செய்கிறவர்களும் கடைக்காரர்களும் சேர்ந்து நடத்துவது. ஆடுகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரே ஒரு ஜெர்சி. அந்த செட் எங்கள் கூடத்துக்குத்தான் சலவைக்கு வரும். அதனால் டீம் ஜெயித்தாலும் தோற்றாலும் முதல் விசாரணை எங்கள் இஸ்திரி மேசையில்தான் நடக்கும்.

அந்த வருஷம் டீம் தோற்றுக்கொண்டே இருந்தது. தோற்கிற டீமுக்குத்தான் ரசிகர்களின் மூளை நன்றாக வேலை செய்யும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற சின்னப் பையன்களை இறக்க வேண்டும் என்பது என் கட்சி. முதுகெலும்பு மாதிரி இருக்கும் பழைய ஆட்களைத் தொடக் கூடாது என்பது முருகேசண்ணன் கட்சி. சட்டை நனைக்கிறவர்கள், கஞ்சி போடுகிறவர்கள், கயிற்றில் காயப்போடுகிறவர்கள் எல்லோரும் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். ஒரு கட்சிக்காரர் ஊற்றிக் கொடுத்த சாயாவை மறுகட்சிக்காரர் குடிக்காத அளவுக்குப் போய்விட்டது.

"ஆன்றோ யாரு? பழம் தின்னு கொட்டை போட்டவன்!" என்பார் அண்ணன்.

"கொட்டை போட்டது போதும்ணே. செடி முளைக்கட்டும். மரமே நிழல் விழுத்திக்கிட்டு நின்னா எப்படி முளைக்கும்?"

"செடி! நேத்து மீசை முளைச்சதுங்கல்லாம் செடி! ஆன்றோவ வெளிய உக்கார வச்சா நான் அன்னைக்கே கிளப் ஆபீசுக்குப் போய் பாபு சார் முன்னால படுத்துருவேன்."

பாபு சார்தான் மேனேஜர். அண்ணன் சொன்னால் படுக்கக்கூடிய ஆள் என்பது அவருக்கும் தெரியும்.

ஆன்றோவுக்கு வெலிங்டன் தீவில் ஒரு கிட்டங்கியில் வேலை. வாராவாரம் தன் வீட்டுத் துணியைத் தானே கொண்டுவந்து போட்டுவிட்டு, எங்கள் சண்டையைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவான். பெரிய மேட்சுகளில் அவன் அடித்த கோல்களை அண்ணன் அவன் முன்னாலேயே நடித்துக் காட்டுவார். நானும் விடமாட்டேன். "ஆன்றோ, கெளட்டுக் குதிரைக்கு லாடம் மாத்தி ஒண்ணும் ஆகாதுப்பா" என்பேன். அதற்கும் சிரிப்பான். நல்ல பையன். பையன் என்றா சொன்னேன்? அவனுக்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருந்தார்கள்.

என் கட்சியின் வேட்பாளர் நவாஸ். பள்ளுருத்திக்காரன், தமிழ் பேசுகிற ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. ஜெர்சி மூட்டையைச் சுமந்து வருவது பெஞ்சுக்காரர்கள் வேலை என்பது கிளப் வழக்கம். அந்த வகையில் எங்களுக்குப் பழக்கம். ஓட்டம் என்றால் அப்படி ஓட்டம். ஆனால் அந்த சீசன் முழுக்க ஒரு மேட்சிலும் அவனை இறக்கவில்லை. ஒரு மேட்சாவது ஆடாதவர்களை அடுத்த வருஷ லிஸ்டில் சேர்ப்பதில்லை என்று கமிட்டி முடிவு செய்திருந்தது.

"கடைசி மேட்சும் பெஞ்சுதான்னா ஆலுவா போயிருவேன் சேச்சி," என்றான், முந்தின நாள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு. "மாமா மொபைல் கடைக்கு வரச் சொல்லிட்டாரு. வாப்பாவும் சரின்னுட்டாரு. பூட்ஸ கூட்டுக்காரன் ஒருத்தன் கேட்டிருக்கான், குடுத்துருவேன்."

சாதாரணமாகத்தான் சொன்னான். நான்தான் மூட்டையைப் பிரிப்பது போலக் குனிந்துகொண்டேன்.

ஈரமும் கரியும்

இனி தொழில் விஷயம். பிள்ளைகள் கவனமாகக் கேட்க வேண்டும்.

அது ஐப்பசியில் வரும் துலாமழைக் காலம். முந்தின மேட்ச் சேற்றில் நடந்தது. சேற்றை எடுத்துவிட்டோம், ஈரத்தை எடுக்க முடியவில்லை. எங்கள் கயிறு முறுக்கிக் கட்டியது. கிளிப் கிடையாது, துணியின் முனையை முறுக்குக்குள் செருகிவிடுவோம். காற்று அடித்தாலும் விழாது. ஆனால் காற்றும் வெயிலும் வந்தால்தானே! ஜெர்சிகள் கயிற்றில் சொட்டிக்கொண்டே நின்றன. மேட்ச் நாள் காலையிலும் அப்படியே. இஸ்திரி போட்டுத்தான் ஈரத்தை வாங்க வேண்டும் என்று முடிவானது. அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது.

கரண்ட் பெட்டி என்றால் சூட்டைக் குறைத்து வைக்கலாம். தேங்காய்ச் சிரட்டைக் கரி போட்ட பெட்டிக்கு அந்த நாகரிகமெல்லாம் தெரியாது. ஜெர்சி என்றால் உள்பக்கம் வெளியே திருப்ப வேண்டும். ஸ்டிக்கர் நம்பர் மேல் பெட்டி படவே கூடாது. மேலே ஒரு பருத்தித் துணி விரித்து, பெட்டியை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். முருகேசண்ணனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க யாரும் தேவையில்லை, எனக்கே அவர்தான் சொல்லிக்கொடுத்தார். ஆன்றோவின் சட்டையை வேறு யார் கையிலும் கொடுக்கவும் மாட்டார். அன்றைக்கும் அப்படித்தான் திருப்பினார், துணி விரித்தார், ஓட்டினார். கடைசியில் மடிப்புப் பார்க்க நேர்ப்பக்கம் திருப்பிப் போட்டார். அந்த நேரத்தில்தான் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "நவாஸ ஒரு அரைமணி நேரமாவது இறக்கலாம்" என்றேன்.

அதற்கு அவர் பதில் சொல்ல ஆரம்பித்தார். பதில் நீண்டது. பெட்டி நின்றது.

யார் செய்தது?

அண்ணன் முகம் வெள்ளாவி வைத்த துணி மாதிரி வெளுத்துவிட்டது. "செல்வி, என்னக் காப்பாத்து" என்றார். மூன்று மாதமாக என்னோடு சண்டை தவிர வேறு பேச்சே இல்லாத மனிதர்.

எல்லாம் செய்து பார்த்தோம். அடையாளம் போடுகிற மசியை எடுத்து வேறொரு துண்டில் ஒன்பது எழுதி ஓட்டைக்கு ஒட்டுப் போட்டால், ஈரத்தில் ஒன்பது ஒழுகிப் பூஜ்யமானது. யாரோ பிளாஸ்டர் ஒட்டலாம் என்றார்கள். இன்னொருவர், ஆன்றோ முழு மேட்சும் முதுகைக் காட்டாமல் ஆடினால் போதும் என்றார். அவரை அடிக்காமல் விட்டது பெரிய விஷயம்.

பாபு சார் வந்தார். சட்டையைத் தூக்கிப் பிடித்து, ஓட்டை வழியே என்னைப் பார்த்தார்.

"செல்வியேச்சி, இது உங்க வேலையா?"

"என்னது?"

"பையன்கள இறக்கணும்னு தொண்டை கிழியக் கத்துறது நீங்கதானே? கத்திப் பாத்தீங்க, நடக்கல. இப்ப தீ வச்சிட்டீங்களா?"

எனக்கு வந்த கோபத்தில் பக்கத்தில் இருந்த கஞ்சி வாளியைப் பார்த்தேன். அதற்குள் முருகேசண்ணன் முன்னால் வந்தார். "சார், நான்தான் கருக்கினேன். அது பாவம், ஒண்ணும் பண்ணல."

பாபு சார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஒண்ணு போ முருகேசா. ஆன்றோவோட சட்டைய நீ கருக்குவியா? கூட வேல செய்ற பொம்பளையக் காப்பாத்த நெனைக்கிறே. நல்ல மனசுதான், ஆனா பொய் சொல்லாதே."

"சத்தியமா சார்! எங்கம்மா மேல சத்தியமா!"

"மதி, மதி," என்று கையைக் காட்டினார், போதும் என்கிற மாதிரி.

கடைசி வரை நம்பவில்லை. உண்மையைச் சொல்லி ஒருவர் இவ்வளவு கெஞ்சி நான் பார்த்ததில்லை. பேரும் நம்பரும் எழுதிய லிஸ்ட் காலையிலேயே போயிருந்ததால் ஆன்றோவுக்கு வேறு நம்பர் சட்டை போடவும் வழியில்லை. ரெஃபரி ஒத்துக்கொள்ள மாட்டார். பாபு சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார். பிறகு மூட்டையைத் தூக்க வந்த நவாஸைத் திரும்பிப் பார்த்தார். பெஞ்சுக்காரர்கள் வரிசையில் அவன் பேரும் நம்பரும் அந்த லிஸ்டில் இருந்தன.

"மூட்டைய வேற ஆள் எடுக்கட்டும். நீ போய் பூட்ஸ கெட்டு."

நவாஸ் என்னைப் பார்த்தான். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். சந்தோஷத்தை அண்ணன் முன்னால் காட்டக் கூடாதே!

சமன் ஆனால் போதும்

அன்றைக்குக் கூடத்தில் ஒருவரும் வேலை செய்யவில்லை. எல்லோரும் கிரவுண்டில். தோற்றால் டீம் கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிடும், சமன் ஆனால் தப்பிக்கும். அதுதான் கணக்கு.

நவாஸ் முதல் பந்தைத் தொட்டான், வழுக்கி விழுந்தான். இரண்டாவது பந்தை எதிராளிக்குப் பாஸ் கொடுத்தான். முருகேசண்ணன் குடைக்குள்ளிருந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "செடி," என்றார். அவ்வளவுதான் சொன்னார். கோல் போஸ்டுக்கு நேராகக் கிடைத்த பந்து ஒன்றை நவாஸ் பக்கத்துத் தென்னைக்கு அனுப்பியபோது, நானே மனசுக்குள் அவனை ஆலுவாவுக்கு பஸ் ஏற்றிவிட்டேன். ஆன்றோ மட்டும் ஓரத்துக் கோட்டில் நின்றுகொண்டு, "ஓடுடா மோனே, ஓடிக்கிட்டே இரு" என்று தொண்டை போகக் கத்திக்கொண்டிருந்தான்.

கோலே விழாமல் ஆட்டம் முடியப் போகிற நேரம். எங்கள் கோல்கீப்பரையும் தாண்டிப் பந்து கோல் கோட்டுக்கு உருண்டு போகிறது. தடுக்க ஆளில்லை. எங்கிருந்தோ ஒரு பயல் ஓடிவந்து சேற்றில் சறுக்கி, கோட்டின் மேலேயே காலால் தட்டி வெளியே தள்ளினான். பார்த்தால் நவாஸ்! முன்னால் நின்று கோல் அடிக்க வேண்டியவன், மைதானம் முழுக்கத் திரும்பி ஓடி வந்திருக்கிறான். விசில் ஊதினார்கள். சமன். தப்பித்தோம்.

அண்ணன் குடையை எறிந்துவிட்டு என்னைக் கட்டிப்பிடிக்க வந்தார். பாதியில் நான் யார் என்று ஞாபகம் வந்து நின்றுகொண்டார்.

ஆன்றோ சொன்னது

மறுநாள் காலை விசாரணை தொடங்கியது. "ஆன்றோ இறங்கியிருந்தா மூணு கோல்" என்றது ஒரு கட்சி. "ஆன்றோ அவ்வளவு தூரம் திரும்பி ஓடி வந்திருப்பானா?" என்றது என் கட்சி. நவாஸ் பேர் அடுத்த வருஷ லிஸ்டில் ஏறிவிட்டது என்று சேதி வந்ததும் எங்கள் குரல் இன்னும் உயர்ந்தது. அப்போது ஆன்றோ வந்தான். அண்ணன் மேசைக்குப் பின்னால் ஒளியப் பார்த்தார். முடியவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஆன்றோ, நான்தான்டா கருக்கினேன். பாபு சார் நம்ப மாட்டேங்கறாரு. நீயாவது நம்பு."

"நம்புறேன் அண்ணாச்சி. நன்னி சொல்லத்தான் வந்தேன்."

ஆன்றோ பேன்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டிக் காட்டினான். முட்டி வீங்கிப் பளபளவென்று இருந்தது. சீசன் பாதியிலிருந்தே அப்படியாம். ஊசி போட்டுக்கொண்டு இறங்கியிருக்கிறான்.

"அடப்பாவி, பாபு சார்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"எப்படிச் சொல்றது சேச்சி? நான் இறங்கலேன்னா அண்ணாச்சி போய் சார் முன்னால படுத்துக்குவாரு. இறங்கினா நீங்க கெளட்டுக் குதிரைம்பீங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பிறகு சிரிப்பு நின்றது. "வாராவாரம் நொண்டிக்கிட்டுத்தான் இந்தப் படி ஏறி வந்தேன். ஆன்றோ இறங்கணும், இறங்கக் கூடாதுன்னு எல்லாரும் சொன்னீங்க. காலுக்கு என்னடான்னு ஒருத்தரும் கேக்கல."

என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. அண்ணன் ஒரு பழைய துணியை நாலாக மடித்தார், பெட்டியில் சூடு காட்டினார், ஆன்றோவை மேசை மேல் உட்கார வைத்து முட்டியில் ஒத்தடம் கொடுத்தார். இந்தத் தடவை பெட்டியைத் தாங்கி மேல் வைக்க மறக்கவில்லை.

பிள்ளைகளே, தொழில் பாடம் உங்களுக்கே தெரியும்: பேச வேண்டுமென்றால் பெட்டியைத் தாங்கி மேல் தூக்கி வைத்துவிட்டுப் பேசுங்கள். மற்றதை முருகேசண்ணனிடம் கற்றுக்கொள்ளலாம். இப்போது நவாஸை இறக்குவதா, உட்கார வைப்பதா என்று மேசையில் சத்தம் கிளம்பினால், முதலில் கத்துகிறவர் அவர்தான்: "சும்மா இருங்கடா! அவன் வரட்டும், அவன்கிட்டக் கேப்போம்."