பாய்லருக்கு லீவு விட்ட நாள்

சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பள்ளிச் சான்றிதழிலும் பல்கலைக்கழக அடையாள அட்டையிலும் பத்திரமாக இருக்கிறது; அதைத் தாண்டி அந்தப் பெயருக்கு வேலை கிடையாது. அப்பா ஆரம்பித்த சலவைக்கூடத்தின் வாசலில், பெரிய மேடைத் தராசுக்குப் பக்கத்தில், கவுன் போட்ட வயதிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவள் அவள். மூட்டை ஏறினால் முள்ளைப் பார்ப்பாள், சத்தமாக எடையைச் சொல்வாள். ஒரு கிராம் கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை. "இந்தப் பொண்ணு வேற, தராசு வேறயா?" என்று மூட்டை கொண்டுவருபவர்கள் கேட்டுக் கேட்டே பெயர் ஒட்டிக்கொண்டது. வயது இப்போது நாற்பதை எட்டிப் பார்க்கிறது. ஒட்டிய பெயர் உதிரவில்லை.

அந்தக் கூடத்தில் எடை வைத்ததுதான் சட்டம். வாடிக்கையாளருக்கு பில் போடுவது கிலோவுக்கு. துணி மடிப்பவர்களுக்குக் கூலி கிலோவுக்கு. சோப்பு, மின்சாரம், பாய்லருக்கு ஊற்றும் டீசல் என்று மாதக் கடைசியில் செலவைப் பிரிப்பதும் கிலோவுக்குத்தான். அப்பா போட்ட வழி அது. அவர் காலத்துக்குப் பிறகு அண்ணன் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலிக்கு மெத்தை மாறியதே தவிர வழி மாறவில்லை.

கீழ்த்தளத்தில் இரண்டு வேலை நடக்கும். ஒன்று ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள்; சூடான உருளைக்குள் கசங்கலாய்ப் போய், மறுபக்கம் விறைப்பாக வெளியே வரும். இன்னொன்று ஆஸ்பத்திரித் துணிகள். அவற்றை இரண்டு தடவை கொதிக்கவைக்காமல் வெளியே விடக் கூடாது. மூன்றாவது வேலை மொட்டைமாடியில். அதுதான் கம்பளி, அது அண்ணியின் ராஜ்யம்.

அண்ணி வந்த புதிதில், கம்பளி கொண்டுவந்தவர்களை எல்லாம் அண்ணன் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். இயந்திரத்தில் போட்டால் கம்பளி சுருங்கி, துடைக்கிற துணி மாதிரி ஆகிவிடும். அண்ணி ஒரு நாள் படியிறங்கி வந்து, "என்கிட்ட குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று வாங்கிக்கொண்டு போனார். ஒரே ஒரு தொட்டியில் ஆரம்பித்தது. இன்று மாடி நிறையக் கொடிகள், நான்கு பெண்கள், வீடுகளிலிருந்தும் மாணவர் விடுதிகளிலிருந்தும் ஓயாத வரத்து. தானே கட்டி எழுப்பியதாக அண்ணிக்கு இந்த உலகத்தில் இருந்தது அந்த மாடி ஒன்றுதான்.

தராசு படிக்கப் போனதற்குக் காரணம் ஒரு வங்கி மேலாளர். புது இயந்திரம் வாங்க உதவி கேட்டு அண்ணனும் தங்கையும் போயிருந்தார்கள். "உங்க மூணு வேலைல எது லாபம், எது நஷ்டம்?" என்று சாதாரணமாகக் கேட்டார் மேலாளர். அண்ணன் கூரையைப் பார்த்தார், பிறகு தங்கையைப் பார்த்தார். தங்கைக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷம் கண்ணும் கருத்துமாகக் கணக்குப் பார்த்தவளுக்கு அந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லை என்பது பெரிய அவமானமாகப் போய்விட்டது. அடுத்த சேர்க்கையிலேயே பல்கலைக்கழகத்தின் மாலை வகுப்பில், அடக்கவிலைக் கணக்கியல் படிக்கச் சேர்ந்துவிட்டாள்.

"இந்த வயசுல படிச்சு என்ன கிழிக்கப் போற?" என்றார் அண்ணன்.

பேருந்து ஓட்டுநரான அவள் கணவர் வேறு மாதிரி. "தாராளமாப் படி. சமையல் என் பொறுப்பு, சாப்பிடுறது உங்க பொறுப்பு" என்றார். இரண்டில் எது கஷ்டம் என்பதை அந்த வீட்டுப் பிள்ளைகளைக் கேட்க வேண்டும்.

முதல் வகுப்பிலேயே அவள் பேர் வாங்கிவிட்டாள். விரிவுரையாளர் அவளைவிட இளையவர், பேசும்போது சாக்பீஸை உருட்டிக்கொண்டே இருப்பவர். ஒரு நாற்காலித் தொழிற்சாலையின் கணக்கைப் பலகையில் எழுதி, ஒரு நாற்காலியின் அடக்கவிலையைக் கண்டுபிடிக்கச் சொன்னார். இளவட்டங்கள் எல்லாம் கால்குலேட்டரைத் தட்ட, இவள் கை தூக்கினாள்.

"சார், நாற்காலி என்ன எடை?"

வகுப்பு சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அவள் அசரவில்லை. தெரியாததைக் கேட்கத்தானே பணம் கட்டியிருக்கிறேன் என்று நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

படிப்பு அவளுக்குப் பிடித்துப்போனது. பிடித்துப்போனது என்றால் சும்மா இல்லை, பேருந்தில் பக்கத்துச் சீட்டில் இருப்பவரின் குடைக்குக்கூட அடக்கவிலை போட்டுப் பார்க்கிற அளவுக்கு. ஒவ்வொரு பிரிவின் வரவு என்ன, நேரடிச் செலவு என்ன, பொதுச் செலவில் அதன் பங்கு என்ன என்று பிரிக்கும் பாடம் முடிந்ததும் அவளுக்குக் கை பரபரத்தது. சலவைக்கூடத்தை மூன்றாகப் பிரித்து, கலர் பேனாவால் பெரிய அட்டை ஒன்று தயாரித்து, அலுவலகச் சுவரில் மாட்டினாள். ஓட்டல் பச்சை. ஆஸ்பத்திரியும் பச்சை. கம்பளி மட்டும் சிவப்பு, நல்ல அடர்த்தியான சிவப்பு.

அண்ணன் அட்டை முன்னால் நின்று தலையாட்டினார். "பரவாயில்லையே! ஃபீஸ் வீண் போகல" என்றார். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வாங்கியவர்கள் குறைவு. அன்று முழுக்க அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

புரிந்தபோது காரியம் கைமீறியிருந்தது. அலைபேசிக் கோபுரம் வைக்க மாடியைக் கேட்டு ஒரு கம்பெனிக்காரர் நாயாய் அலைந்துகொண்டிருந்தார். இதுவரை பிடிகொடுக்காமல் இருந்த அண்ணன், அட்டையைப் பார்த்ததும் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். கம்பளி வேலையை மூடுவது, நான்கு பெண்களுக்கும் கணக்கு முடிப்பது, வியாழக்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது என்று முடிவாகிவிட்டது. "என் தங்கச்சியே கணக்குப் போட்டுக் காட்டிட்டா" என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார்.

அண்ணி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. அட்டையைப் படித்துப் பார்த்தார், மாடிக்குப் போனார். அன்றிலிருந்து நாத்தனாரிடம் "வாங்க", "சாப்பிட்டீங்களா" என்று யாரோ விருந்தாளியிடம் பேசுகிற மாதிரிப் பேசினார். அத்தனை வருஷமும் "என்னடி" என்று கூப்பிட்ட வாய் அது. அந்த மரியாதை தராசுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஆனாலும் கணக்கு கணக்குதானே, நான் என்ன பொய்யா எழுதினேன் என்று மனத்தைக் கெட்டிப்படுத்திக்கொண்டாள்.

அவள் பொய் எழுதவில்லை. பாதிப் பாடத்தோடு எழுதிவிட்டாள், அவ்வளவுதான்.

மீதிப் பாடம் அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை வந்தது. விரிவுரையாளர் பலகையில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் வரைந்தார். "லிஃப்ட் பராமரிப்புச் செலவை எப்படிப் பிரிக்கறது? வீட்டோட பரப்பளவை வெச்சுப் பிரிச்சா, கீழ்த்தளத்துல பெரிய வீட்ல இருக்கறவர்தான் அதிகம் கட்டுவார். அவர் லிஃப்ட்ல ஏறுறதே இல்ல. நியாயமா?"

வகுப்பில் ஆளுக்கு ஒரு பக்கம் கத்தினார்கள்.

அவர் சாக்பீஸை உருட்டிக்கொண்டே சொன்னார்: "செலவைப் பங்கு போடுறதுக்கு முன்னாடி, அதை உண்டாக்கறது யாருன்னு கேளுங்க. ஒரு பிரிவை மூடணும்னு சொல்றதுக்கு முன்னாடி, மூடினா அந்தச் செலவு நிஜமாவே போயிடுமான்னு கேளுங்க. இந்த ரெண்டும் கேக்காம எடுக்கற முடிவு, முடிவே இல்ல."

தராசுக்குத் தூக்கிவாரிப்போட்டது. லிஃப்ட் இருந்த இடத்தில் அவளுக்குப் பாய்லர் தெரிந்தது. நாளைக்குப் புதன்கிழமை.

புதன்கிழமை பாய்லருக்கு லீவு. வாராவாரம் முந்தின இரவே அதை அணைத்து ஆறவிட்டு, அன்று உள்ளே படிந்த உப்பைச் சுரண்டுவார்கள். விரிப்பும் ஆஸ்பத்திரித் துணியும் அன்று மூட்டையாகவே கிடக்கும். மாடியில் மட்டும் வேலை நிற்காது. கம்பளிக்குப் பச்சைத் தண்ணீர், காய வெயில். ஆவியோடு அதற்கு என்ன சம்பந்தம்? இது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, பத்து விரிப்பின் எடை இருக்கிற ஒவ்வொரு கம்பளியின் தலையிலும் எடைக்கு எடை பாய்லர் டீசலைக் கட்டிவைத்திருந்தார்கள். கட்டி, அதைச் சிவப்பு மையில் எழுதி, சுவரிலும் மாட்டியது தராசு.

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார அவளுக்கு ஒரே ஒரு நாள்தான் இருந்தது. விடியற்காலையில் எழுந்து கணக்கைத் திரும்பப் போட்டாள். எடையை ஒதுக்கிவிட்டு, எந்தத் துணி எத்தனை தடவை ஆவி குடிக்கிறது என்று பார்த்துப் பிரித்தாள். விடை வந்ததும் இரண்டாவது தடவையும் போட்டுப் பார்த்தாள். அதே விடைதான் வந்தது. முகம் கழுவிக்கொண்டு கிளம்பினாள்.

அண்ணன் அலுவலகத்தில் ஒப்பந்தத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, ஒரு நிமிஷம் வாங்க."

"எங்க?"

"பாய்லர் ரூமுக்கு."

கூட்டிப்போய் நிறுத்தினாள். "அதுமேல கையை வைங்க."

"பைத்தியமா உனக்கு? கை வெந்துடும்."

"இன்னிக்குப் புதன் அண்ணா."

அவர் தயங்கித் தயங்கிக் கை வைத்தார். சில்லென்று இருந்தது. பாய்லர்காரரின் இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. "யாரு, முதலாளியா? அப்படியே அந்த டார்ச்சைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. முதலாளி எடுத்துக் கொடுத்தார்.

"இப்ப மாடிக்கு வாங்க" என்றாள் தராசு.

மாடியில் கொடி கொடியாகக் கம்பளிகள் தொங்கின. அண்ணியும் நான்கு பெண்களும் தொட்டிகளைச் சுற்றி நின்றிருந்தார்கள். முதலாளியைக் கண்டதும், நாள் நெருங்கிவிட்டது என்று நினைத்து அவர்கள் தொட்டிப் பக்கம் குனிந்துகொண்டார்கள்.

"கீழ பாய்லர் படுத்துக் கிடக்கு. இங்க வேலை ஓடுது" என்றாள் தராசு. "ஆனா டீசல் செலவுல மூணுல ஒரு பங்கை இவங்க தலையில கட்டியிருக்கோம். இதை மூடினா ஒரு சொட்டு டீசல் மிச்சமாகாது. அந்தச் செலவு அப்படியே கீழ இறங்கி மத்த ரெண்டு மேல உக்காரும்."

"நீதானே கணக்குப் போட்ட?"

"நான்தான் போட்டேன். தப்பாப் போட்டேன்."

அந்த நான்கு பெண்கள் முன்னால், அண்ணி முன்னால், அதைச் சொல்லும்போதும் அவள் குரல் தழையவில்லை.

"போன மாசம் ஒண்ணு சொன்ன, இப்ப ஒண்ணு சொல்ற. அடுத்த மாசம் என்ன படிச்சிட்டு வருவ?"

"என்ன படிச்சாலும் புதன்கிழமை பாய்லர் சூடாகாது அண்ணா."

அண்ணன் விடவில்லை. "சரி, கோபுர வாடகை சும்மா வர்ற காசு இல்லையா?"

"எப்படிச் சும்மா? இந்த மாடி இப்பவே அந்த வாடகையைவிட அதிகமா மிச்சம் வைக்குது. அதைத் தூக்கிக் குடுத்துட்டுத்தான் வாடகை வாங்கப் போறோம்."

"அப்போ நஷ்டம் எங்கதான் இருக்கு?"

"ஆஸ்பத்திரில."

அண்ணன் முகம் சுருங்கியது. ஆஸ்பத்திரி வேலை அவர் பிடித்துக்கொண்டு வந்தது. அந்த ஒப்பந்தம் கையெழுத்தானபோது எடுத்த போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். "அதை விட்டுடச் சொல்றியா?"

"விட வேண்டாம், விலையை ஏத்துங்க. ரெண்டு தரம் கொதிக்க வெச்சுட்டு, ஒரு தரம் அலசின விலையை வாங்கறோம். எடை ஒண்ணுதான், ஆனா செலவு ஒண்ணு இல்லையே."

அவர் பக்கத்துக் கொடியில் தொங்கிய கம்பளியின் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். "நூலை இழுக்காதீங்க, அது அடுத்தவங்க சாமான்" என்றார் அண்ணி. சட்டென்று கையை எடுத்துவிட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"ஹலோ, நான்தான். நாளைக்கு வர வேண்டாம். இல்லைங்க, வாடகை பிரச்சினை இல்ல." ஒருமுறை மாடியைச் சுற்றிப் பார்த்தார். "மாடி காலி இல்லைங்க."

நான்கு பெண்களில் ஒருத்தி கையிலிருந்த சோப்பைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். அண்ணன் யார் முகத்தையும் பார்க்காமல் விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார். பின்னாளில் ஆஸ்பத்திரிக்காரர்கள் முரண்டு பிடித்ததையும், அவர்களை மடக்கி விலையை ஏற்றியதையும் அண்ணனைக் கேட்டால் விலாவாரியாகச் சொல்வார். தங்கை எழுதிக் கொடுத்த கணக்கை மட்டும் சொல்ல மறந்துவிடுவார்.

தராசு இறங்காமல் மாடியிலேயே நின்றாள். யோசித்துப் பார்த்தால், அவள் அங்கே ஏறி வந்து வருஷக்கணக்கு ஆகிவிட்டது. தராசு இருந்தது வாசலில். அவளுக்கு வாசலே போதுமாக இருந்திருக்கிறது.

அண்ணி தொட்டியிலிருந்து ஒரு கம்பளியைத் தூக்கினார். "பேப்பர்ல எழுதறதுக்கு முன்னாடி ஒரு தரம் மேல ஏறி வந்து பாத்திருக்கலாம் இல்ல?"

"வந்திருக்கணும் அண்ணி" என்றாள்.  கண் கலங்கியதை அவள் மறைக்கவில்லை.

அண்ணி கம்பளியின் ஒரு முனையை அவள் பக்கம் வீசினார். சொதசொதவென்ற ஈரத்தோடு அது அவள் மார்பில் வந்து விழுந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முனையைப் பிடித்து, பலம் கொண்ட மட்டும் முறுக்கினாள். அண்ணி முறுக்கும் பக்கமே இவளும் முறுக்க, கம்பளி சும்மா சுழன்றது. சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. நான்கு பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அண்ணிக்கும் அடக்க முடியவில்லை.

"இவ்வளவு படிக்கற, ஒரு கம்பளி பிழியத் தெரியல. அந்தப் பக்கம் திருப்புடி!"

தராசு அந்தப் பக்கம் திருப்பினாள். தண்ணீர் இரண்டு பேர் காலிலும் கொட்டியது.