1851இல் வர வேண்டிய கட்டில்

குன்வொர் ஸ்டென்ஹாக் எதையும் திறந்தபடி விட மாட்டாள். எங்கள் தொழிற்சாலைக் காபி அறையில் அலமாரிக் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறவர்கள் நாற்பது பேர். மூடுகிறவள் அவள் ஒருத்திதான். பிஸ்கட் டப்பா, ஜன்னல், யாரோ ஆரம்பித்து இழுத்துக்கொண்டே போகும் பேச்சு, எல்லாவற்றையும் அவளே மூடுவாள். முதல் பத்து வருடம் எனக்கு இது எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது அவளைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைவாகச் சொன்னாலும் சண்டைக்குப் போய்விடுகிறேன்.

நான் ரூனே ஃபாகர்லிட். நேஷோ என்ற ஊரில் நோயாளிகளுக்கான மோட்டார் கட்டில் செய்யும் இந்த இடத்தில், கட்டில்களை லாரியில் ஏற்றி அனுப்பும் பிரிவு என் பொறுப்பு. எந்தக் கட்டில் எந்த வாரம் எந்த வீட்டுக்கு என்பது என் தலைக்குள் இருக்கும். வாரம் என்றால் எண்தான். டிசம்பர் பதினேழு என்று இங்கே யார் சொல்கிறார்கள்? ஐம்பத்தொன்றாம் வாரம் என்போம். பல் டாக்டர், பள்ளி விடுமுறை, மாமியார் வருகை, எல்லாமே வார எண்ணில்தான். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களைக் குப்புறத் தள்ளியது அதுதான்.

குன்வொர் பத்தொன்பது வயதில் மெத்தை உறை தைக்க வந்தவள். பதினாறு வருடம் தைத்தாள். தோள்பட்டை போய்விட்டது, இனி மெஷினில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு ஆர்டர் பிரிவுக்கு மாற்றினார்கள். அப்போதெல்லாம் ஆர்டர் ஃபேக்ஸில் வரும். ஒவ்வொரு ஊரும் தன் இஷ்டத்துக்கு எழுதி அனுப்பும். எடை எழுத வேண்டிய இடத்தில் தொலைபேசி எண் இருக்கும். ஒருமுறை பக்கத்து ஊரான எக்ஷோவில் இரண்டு மீட்டர் உயர மனிதருக்குக் குழந்தைக் கட்டில் போய் இறங்கியது. ஏற்றி அனுப்பியது நான். திட்டு வாங்கியதும் நானே.

பிறகு, ஊர்களுக்காக எங்களிடம் கட்டில் வாங்கும் மாவட்டக் கொள்முதல் அலுவலகம், இனிமேல் ஆர்டர் எல்லாம் எக்ஸ்எம்எல் கோப்பாக வரும், அது நேராக உங்கள் தரவுத்தளத்துக்குள் போக வேண்டும் என்றது. கோத்தன்பர்க்கிலிருந்து பளபள ஷூ போட்ட இரண்டு ஆலோசகர்கள் வந்து இரண்டு நாள் விளக்கினார்கள். எல்லோரும் புரிந்த மாதிரி தலையாட்டினோம். குன்வொர் மட்டும் கையைத் தூக்கினாள்.

"அதாவது, ஒவ்வொரு விஷயத்துக்கும் முன்னாடி ஒரு பேர்ச்சீட்டு. முடிஞ்சதும் அதே பேர்ச்சீட்டு, ஒரு சாய்வுக் கோட்டோட. உறைக்குள்ள உறை. உள்ள இருக்கறத மூடாம வெளிய இருக்கறத மூடக் கூடாது. அவ்வளவுதானே?"

"ஏறக்குறைய... ஆமா," என்றார் ஒருவர்.

"இதுக்கா ரெண்டு நாளு?"

நாற்பத்து மூன்று வயதில் விடுப்பு எடுத்து அஞ்சல் வழியில் படித்தாள். பிறகு அந்த அலுவலகத்தோடு உட்கார்ந்து விதிமுறையை எழுதினாள்: எந்தப் பேர்ச்சீட்டுக்குள் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது, எது கட்டாயம். அதன் பிறகு எடையின் இடத்தில் தொலைபேசி எண் வந்தால் தரவுத்தளமே திருப்பி அனுப்பியது. தவறான கட்டில் தவறான வீட்டுக்குப் போவது நின்றது. யாரும் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. திட்டு வாங்குவது நின்றதே, அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

2018, முப்பத்தெட்டாம் வாரம் என் மனைவி சோல்வெய் பக்கவாதத்தில் விழுந்தாள். இருபது வருடம் பஸ் ஓட்டியவள். அவள் வாய்க்குப் பயந்து சில்லறை இல்லாதவன் பஸ்ஸிலேயே ஏற மாட்டான். அந்த வாயில் மூன்று சொல் மட்டும் மிஞ்சியது: "ஆமா", "இல்ல", "சீ". வீட்டில் தகுந்த கட்டில் வந்து இறங்கினால் ஐம்பத்தொன்றாம் வாரம் போகலாம், கிறிஸ்துமஸ் வீட்டில்தான் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். நான் போகும்போதெல்லாம் இடது கையால் காலண்டரில் 51ஐத் தொட்டுக் காட்டுவாள். நானும் தொடுவேன்.

என் மூக்குக்கு முன்னால் நாள் முழுக்கக் கட்டில்கள் போய்க்கொண்டிருந்தன. ஒன்றைக்கூட நான் எடுத்துக்கொண்டு போக முடியாது. ஆளின் எடைக்கும் உயரத்துக்கும் தகுந்தபடி மாட்டிப் பூட்டித்தான் அனுப்ப வேண்டும். அதற்கு ஆர்டர் அந்தக் கோப்பில் வந்தாக வேண்டும்.

ஐம்பதாம் வாரம் திங்களன்று பழைய தரவுத்தளத்தை எடுத்துவிட்டு, லிஸ்பனில் ஒரு குழு செய்து தந்த புதியதைப் போட்டார்கள். வியாழன் லூசியா நாள், எங்கள் ஊரின் குளிர்கால விளக்குத் திருநாள். காபி அறையில் அன்றைக்கென்றே செய்யும் குங்குமப்பூ பன். மேலாளர் யோரன் வாயெல்லாம் பல்லாக நின்றார். திரையில் 'நிலுவை: பூஜ்யம்' என்று பச்சையாக எரிந்தது.

குன்வொர் பன்னைக் கையில் வைத்தபடி திரையைப் பார்த்தாள். "டிசம்பர்ல நிலுவையே இல்லையா? இந்த மாவட்டத்துல கிழடுங்க எல்லாம் கீழ விழறத நிறுத்திட்டாங்களா?"

"எல்லாம் பச்சையா இருக்கு குன்வொர். பன்ன சாப்பிடு."

அவள் பன்னைத் திரும்ப வைத்து, டப்பாவை மூடிவிட்டுப் போனாள். சோல்வெய் ஆர்டர் வந்திருக்க வேண்டிய வாரம் அது. பின்னாலேயே ஓடினேன்.

அவள் தரவுத்தளத்தைத் தொடவில்லை. வந்த கோப்பை அப்படியே வெறும் எழுத்தாகத் திறந்து மேலிருந்து கீழே படித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"ரூனே, இது என் தப்பு," என்றாள்.

'எப்போது' என்ற பேர்ச்சீட்டுக்குள் 1851 என்று இருந்தது. பதினெட்டாம் வருடம், ஐம்பத்தொன்றாம் வாரம். நாங்கள் அப்படித்தான் எழுதுவோம். குன்வொரின் வீட்டு ஃப்ரீசரில் காளான் டப்பாவின் மேல்கூட 1836 என்றுதான் எழுதியிருக்கும். எங்கள் ஆட்களே செய்த பழைய தரவுத்தளத்துக்கு இது தெரியும். விதிமுறையில் குன்வொர் எழுதியிருந்தது 'நான்கு இலக்கம்' என்று மட்டும்தான்.

"வாரம்னு எழுதல. இங்க யாருக்கு அத சொல்லணும்னு தோணும், சொல்லு? லிஸ்பன்ல இருக்கறவங்களுக்கு அது வருஷம்."

அவர்கள் மேல் என்ன குற்றம்? 1851ஆம் ஆண்டில் போயிருக்க வேண்டிய கட்டில் இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று அந்த இயந்திரம் நினைத்தது. திங்களிலிருந்து வந்த நூற்றுப் பன்னிரண்டு ஆர்டர்களையும் 'முடிந்தது' என்று மரியாதையாகக் கோப்பறையில் வைத்துவிட்டது.

யோரன் லிஸ்பனுக்குப் போன் போட்டார். விதிமுறையை மாற்ற இரண்டு பக்கமும் கையெழுத்து வேண்டுமாம். கொள்முதல் அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிறவர் அடுத்த வருடம் இரண்டாம் வாரம்தான் வருவாராம்.

"என்னோடத மட்டும் கையால எழுதிக் குடு," என்றேன் குன்வொரிடம். "இன்னிக்கே ஏத்திடறேன்."

"முடியாது."

"என்ன முடியாது? உன்னால வந்த வினைதானே!"

"ஆமா, என்னாலதான். அதனாலதான் முடியாது. உனக்கு மட்டும் பண்ணிட்டா மிச்ச நூத்திப் பதினோரு பேருக்கு யாரு வந்து கேப்பாங்க? அவங்க வீட்டுல யாரும் இங்க வேல பாக்கல."

அப்போது நான் சொன்னதை எழுதக் கை கூசுகிறது. "தைக்க வந்தவ தச்சுக்கிட்டே இருந்திருக்கணும்," என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். நான் திறந்து போட்ட கதவை அவள் எழுந்து வந்து மூடினாள். அவ்வளவுதான்.

பத்து நிமிடத்தில் அதே கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டாள்.

"விதிமுறையையும் தொட வேண்டாம், தரவுத்தளத்தையும் தொட வேண்டாம். ரெண்டுக்கும் நடுவுல, வாசல்ல, மாத்திக் குடுக்கற ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதி வைக்கறேன். நாலு இலக்கத்தப் படிச்சு அந்த வாரத்துத் திங்கக்கெழமைத் தேதியா மாத்தி உள்ள அனுப்பும். ஆனா ஒவ்வொண்ணையும் ஒரு மனுஷக் கண்ணு பாக்கணும். வாரமெல்லாம் தலையில வச்சிருக்கறது நீதான். உக்காரு."

மதியத்துக்குள் எழுதி முடித்தாள். பிறகு அவள் படிக்க, நான் தேதி சொல்ல, அவள் திரையோடு ஒத்துப் பார்த்தாள்.

"பதினெட்டு ஐம்பத்திரண்டு."

"டிசம்பர் இருபத்திநாலு."

"சரி. பத்தொம்போது ஒண்ணு."

"டிசம்பர் முப்பத்தொண்ணு."

"இல்லையே. ஜனவரி ஏழுன்னு வருது."

"உன் மெஷினு முட்டாளு. புது வருஷத்து மொத வாரம் இந்தத் தடவ பழைய வருஷத்துத் திங்கள்லயே ஆரம்பிக்குது."

சுவர் காலண்டரைப் பார்த்தாள். ஜனவரியின் முதல் திங்களிலிருந்து எண்ணும்படி எழுதியிருந்தாள். அப்படியே விட்டிருந்தால் பத்தொன்பது வீடுகளுக்கு ஒரு வாரம் தள்ளிப் போயிருக்கும். திருத்தினாள்.

"நல்லவேள, நீ கோவிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போகல," என்றாள்.

எண்பத்தேழாவது ஆர்டர் வந்தபோதும் அவள் குரல் மாறவில்லை. "பதினெட்டு ஐம்பத்தொண்ணு. ஃபாகர்லிட், சோல்வெய்."

"டிசம்பர்..." என்றேன். மேலே வரவில்லை.

"பதினேழு," என்று அவளே சொன்னாள். "போய் மூக்கச் சிந்திட்டு வா. இன்னும் இருபத்தஞ்சு இருக்கு."

வேலை முடியும் மணிக்கு யோரனின் பச்சை போய், திரை முழுக்க நிலுவை நிறைந்தது. அவ்வளவு நிலுவையைப் பார்த்து யாரும் அப்படி மகிழ்ந்திருக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமையே ஏற்ற ஆரம்பித்தோம். சோல்வெய் கட்டிலை நானே கட்டி ஏற்றினேன்.

அன்று கிளம்பும்போது குன்வொர் ஒரு தாளை நீட்டினாள். சோல்வெய் ஆர்டரின் அச்சு. 1851ஐச் சிவப்பில் சுழித்திருந்தாள்.

"நான் நேத்து தையலப் பத்திச் சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"அது மூடியாச்சு," என்றாள்.

செவ்வாய்க்கிழமை சோல்வெய் வீட்டுக்கு வந்தாள். தலைப்பக்கத்தை மோட்டாரால் உயர்த்தி உட்கார வைத்து, நடந்ததை எல்லாம் சொல்லித் தாளைக் காட்டினேன். "கம்ப்யூட்டர் கணக்குப்படி நீ ஆயிரத்து எண்ணூத்தி ஐம்பத்தொண்ணுலயே வீட்டுக்கு வந்திருக்கணும்."

அவள் எண்ணைப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள், பஸ் கதவில் தொங்குகிறவனைப் பார்ப்பதுபோல. வாயைக் கூட்டிக்கூட்டி ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு, மூன்று மாதத்தில் முதல் முறையாக நான்காவது சொல்லைச் சொன்னாள்.

"லேட்டு."

நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. அவள் நிச்சயம் சிரித்தாள்.

மறுநாள் முதல் வேலையாகக் குன்வொரிடம் போய் அந்த ஒரு சொல்லைச் சொன்னேன். இத்தனை வருடமாகச் சொல்லாத நன்றியையும் சேர்த்துச் சொன்னேன். அவள் இழுப்பறையைத் திறந்து கைக்குட்டையை எடுத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு காபி அறைப் பக்கம் போய்விட்டாள். இழுப்பறை திறந்தே கிடந்தது. நான் மூடினேன்.